கடன் வாங்கிய நான்

கண்ணாடிக் கூண்டுக்குள் எனக்கென்று ஒரு நாற்காலி,
ஒரு விளக்கு, இருமலை மறைக்க ஒரு பொத்தான்.
வாஷிங்டனில் இருபத்தாறு ஆண்டுகளாக
பிறர் சொல்லும் ‘நான்’ எல்லாவற்றையும்
நானே சொல்லிவருகிறேன்.
‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது;
மொழிபெயர்ப்புத் தொழிலின் முதல் விதி அது.
‘நான் என் நாட்டின் இரும்புத் தாதை அடகு வைத்தேன்’
என்று சொல்லியிருக்கிறேன்.
‘நான் ராஜினாமா செய்கிறேன்’ என்று மூன்று முறை.

பிப்ரவரி, செவ்வாய். வெளியே அரைகுறைப் பனி.
துணைத் தலைவர் பதவிக்கு நேர்காணல்.
மூவரில் இரண்டாமவர் செனாமி ஹூங்பேஜி,
பெனின் நாட்டுக் கருவூலத்தில் பதினான்கு ஆண்டு.
ஆங்கிலம் தெரியும். ஆனாலும்
‘கணக்குப் போட்ட மொழியிலேயே பதில் சொல்கிறேன்’ என்றார்.
எழுவரில் அறுவர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டார்கள்.

‘நான் தயார்’ என்றார் முதலில்.
பிரெஞ்சில் ஆண் சொன்னால் ‘ப்ரெ’,
பெண் சொன்னால் ‘ப்ரெத்’.
நாக்கு பல்லைத் தொடும் அந்த ஒற்றை மெய்
ஆங்கிலத்தில் இல்லை.
வாயைத் திறந்ததுமே கீழே போட்டுவிட்டேன்.

பிறகு என் குரலில்,
வாலன்ஸ் நகரத்து ஆர்மீனியத் தையற்காரர் மகனின்
புகை படிந்த அடித்தொண்டையில்
அவர் பேசினார்:
பருத்தி விலை விழுந்த இரவில்
கடன்காரர்கள் பதினொருவரை
ஒரே தொலைபேசியில் விடியும்வரை பிடித்துவைத்ததை,
ஆசிரியர் சம்பளத்தில் கைவைக்காமல்
தவணையைத் தள்ளிப்போட்டதை.
கீழே தலைகள் அசைந்தன.
ஒரு பென்சில் எழுதியது: ‘கம்பீரம்’.

‘பயணம் அதிகம். வீட்டில் எப்படிச் சமாளிப்பீர்கள்?’
காலையில் வந்தவரிடம் இது கேட்கப்படவில்லை;
அப்போதும் இதே கூண்டில்தான் இருந்தேன்.
‘உங்கள் பகுதிக்கு ஏற்கெனவே இருவர் இருக்கிறார்களே?’
வடக்கிலிருந்து எத்தனை பேர் என்று எண்ண
அந்த அறையில் யாருக்கும் விரல் போதாது.

கருவி மாட்டாத ஏழாமவர் ரெகுலா ட்ஷூடி,
குழுவில் ஒரே பெண், பிரெஞ்சு தெரிந்தவர்.
கடினமான கேள்வியும் அவருடையதுதான்,
குறுகியகாலக் கடன் விகிதம் பற்றி.
எல்லா மெய்யும் அவர் காதில் விழுந்திருக்கும்.
அவர் யாருக்கு வாக்களித்தார் என்று எனக்குத் தெரியாது.

நடுவில் ஒருமுறை செனாமி
தன் கருவியில் என் தடத்தைத் திருப்பினார்.
அவருடைய வாக்கியத்தின் வால்
என் குரலில் வந்து சேர்வதைக் கேட்டார்.
அண்ணாந்து கூண்டைப் பார்த்தார்.
கழற்றி வைத்தார்.

முடிவுரைக்கு வந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல்
ஆங்கிலத்துக்கு மாறினார்.
விதிப்படி நான் வாயை மூடினேன்.
அறுவரும் திருகைத் திருகினார்கள்,
கருவியைத் தட்டினார்கள்,
‘கேட்கவில்லை’ என்று கூண்டை நோக்கிக் கையாட்டினார்கள்.
ஆறடி தூரத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தார்:

‘இந்த மேசைக்கு எதிரே
நான்கு முறை கடன் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
இன்று நாற்காலியைக் கேட்கிறேன்.
வட்டி எவ்வளவு?’

மறுபடி சொல்லச் சொன்னார்கள்.
‘அவ்வளவுதான்’ என்றார்.
கூட்டக் குறிப்பில்: ஒலித் தடங்கல், பதினொரு விநாடி.

தாழ்வாரத்தில் குழுத் தலைவர் என் தோளைத் தட்டினார்.
‘இன்று பிரமாதமாகப் பேசினீர்கள்.’
நன்றி என்று வாங்கிக்கொண்டேன்.
வாங்கியதை இன்னும் திருப்பிக் கட்டவில்லை.

மார்ச்சில் அறிவிப்பு.
லக்ஸம்பர்க்காரர். நல்ல மனிதர், திறமைசாலி,
குறை சொல்ல என்னிடம் ஏதுமில்லை.
மேடையில் மரியாதைக்குப் பிரெஞ்சில் ஒரு வரி:
‘நான் தயார்.’

ஒரே சொல். கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.
ஆனால் என் நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டு
வராத அந்த மெய்க்குக் காத்திருந்ததில்
அரை விநாடி
பிந்திவிட்டேன்.